நம்பி ஓடியவர்

பெர்மாஸ் ஜெயா நடைபாதையில் விடியற்காலையில் நெடுந்தூரம் ஓடுவது என் ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். அன்று வழியில் ஒரு பெண் கணுக்காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பார்வையற்ற கணவர். இருவர் கையையும் ஒரு சிறு கயிறு இணைத்திருந்தது.

“கால் பிசகிருச்சு. இவர் வாரம் முழுக்க இந்த ஓட்டத்துக்குத்தான் காத்திருந்தாரு. கொஞ்ச தூரம் கூட்டிட்டுப் போறீங்களா அண்ணே?” என்றார் அந்தப் பெண்.

பயத்தோடு கயிற்றைப் பிடித்தேன். மேடு, வளைவு என்று சொல்லிக்கொண்டே ஓடினேன். மரவேர் தரையைப் பெயர்த்திருந்த ஓரிடத்தைச் சொல்லத் தவறிவிட்டேன். அவர் தடுக்கி, என் தோளைப் பற்றிக்கொண்டார். கயிறு என் கையிலிருந்து நழுவியது.

“மன்னிச்சிருங்க. திரும்பிடலாமா?” என்றேன்.

“பரவால்ல லா. விழவே கூடாதுன்னா வீட்லயே இருந்திருப்பேன். வாங்க, போலாம்” என்று கயிற்றை நீட்டினார்.

நான் தவறிய பிறகும் என்னை நம்பி ஓடிய அந்த மனிதரை நினைக்காமல், இன்றுவரை அந்தப் பாதையில் நான் ஓடியதில்லை.