இரண்டு நாலு வந்த சதுரம்

இரத்தினசிங்கம் தன் வாழ்நாளில் அறியாமல் விட்ட பிழை ஒன்றே ஒன்று. அது அவரைக் காப்பாற்றியது. அதற்கு முன்பு அவர் விடாமல் இருந்த பிழைகள் யாரையாவது காப்பாற்றியதாகத் தகவல் இல்லை.

தலைநகரின் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் அவர் கிளார்க். கலியாணம் செய்யவில்லை. வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடி பிளாட்டில் தங்கை நேசமலரோடு இருந்தார். கந்தோரில் அவரை யாருக்கும் பெரிதாகத் தெரியாது. ஆனால் தமிழ் ஞாயிறு பத்திரிகை ஒன்றின் கடைசிப் பக்கத்தில் கீழ்ப்பாதி அவருடையது. குறுக்கெழுத்து, எண் சதுரம், தராசுக் கணக்கு, ஆற்றைக் கடக்கும் கணக்கு என்று கிழமைக்கு ஒன்று போடுவார். அந்தப் பக்கத்துக்கு வாசகர் அதிகம். காரணம் எளிது. யுத்த காலம். முன்பக்கத்தில் தணிக்கை அதிகாரி விட்டுவைத்த செய்திதான் வரும். எத்தனை பேர் செத்தார்கள், யார் எங்கே நிற்கிறார்கள் என்று கேட்டால் பத்திரிகை பதில் சொல்லாது. கடைசிப் பக்கத்தில் மட்டும், இந்தக் கிழமை கேட்டதற்கு அடுத்த கிழமை விடை வரும். விசாவுக்காக லொட்ஜ் அறைகளில் காத்திருந்தவர்கள் பத்திரிகையைப் பின்னாலிருந்து படிக்கப் பழகியிருந்தார்கள்.

எண் சதுரம் சீனாவில் ஓர் ஆற்றிலிருந்து வந்த ஆமையின் முதுகில் இருந்ததாம் என்று இரத்தினசிங்கம் சொல்வார். நாங்கள் அதைச் செப்புத் தகட்டில் கீறி, சுருட்டி, பிள்ளையின் கழுத்தில் கட்டுகிறோம். முஸ்லிம்கள் வேறு எழுத்தில் எழுதிக் கட்டுகிறார்கள். ஐயரும் மௌலவியும் சிங்கள மந்திரவாதியும் ஒத்துப்போகிற விஷயங்கள் இந்த நாட்டில் மிகச் சில. அதில் இது ஒன்று. புலி, ஆடு, புல்லுக்கட்டுக் கணக்கும் அப்படித்தான். ஆயிரம் வருசத்துக்கு முன்பே ஐரோப்பாவில் ஒரு துறவி அதை ஓநாய், ஆடு, முட்டைக்கோவா என்று எழுதிவைத்துவிட்டார். தீராத சிக்கல்கள் மனிதனிடம் நிறைய இருப்பதால்தான் தீரக்கூடிய சிக்கல்களைத் தானே செய்துகொள்கிறான் என்பது இரத்தினசிங்கத்தின் கட்சி.

"அப்ப அந்தத் தண்ணி மோட்டரையும் ஒருக்காத் தீர்த்துவிடுங்கோ அண்ணை," என்பாள் நேசமலர். மோட்டர் கடைசிவரை தீர்க்கப்படவில்லை.

அவருக்கு ஓர் எதிரி இருந்தார். கொட்டாஞ்சேனையில் ஒஸ்வால்ட். துறைமுகத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்றவர். ஒவ்வொரு கிழமையும் தபாலட்டையில் சரியான விடையை எழுதி அனுப்புவார். அடியில் ஒரே வாசகம் இருக்கும்: 'இந்தக் கிழமையும் பிழை இல்லை. பார்த்துக்கொண்டிருக்கிறேன்.' இருவரும் சந்தித்ததில்லை. ஒஸ்வால்டின் அட்டை பிந்தினால் இரத்தினசிங்கத்துக்குச் சாப்பாடு இறங்காது.

சதுரங்களை அவர் வீடு திரும்பும் பஸ்ஸில்தான் செய்வார். அன்றைக்கு ஒன்றிலிருந்து பதினாறு வரையான எண்களால் ஒரு சதுரம். பக்கத்துக்கு நான்கு கட்டம். எந்தப் பக்கம் கூட்டினாலும் முப்பத்துநாலு வரவேண்டும். எந்த எண்ணும் இரண்டு தடவை வரக்கூடாது. சில எண்களை மட்டும் கொடுத்துவிட்டு மிச்சக் கட்டங்களை வாசகர் நிரப்பட்டும் என்று விடுவது வழக்கம். முதல் வரிசையில் ஒன்று, பதினைந்து, பதினான்கு என்று எழுதினார். நாலாவது கட்டத்தை வெறுமையாக விட்டார். அதில் நாலு வரும். அந்த நேரம் சோதனைச்சாவடி வந்தது. எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டியபடி நடந்துபோய், அந்தப் பக்கத்தில் திரும்ப ஏறவேண்டும். ஏறினார். உட்கார்ந்து, மூன்றாம் வரிசையில் ஐந்து எழுதவேண்டிய இடத்தில் நாலு எழுதினார். வீட்டில் அதை நல்ல தாளில் பார்த்தெழுதித் தபாலில் சேர்த்தார். பஸ்ஸில் கீறிய தாள் சேர்ட் பையிலேயே கிடந்தது.

அடுத்த நாள் விடியற்காலை பொலிஸார் ஒழுங்கையைச் சுற்றிவளைத்தார்கள். இரத்தினசிங்கத்தின் அடையாள அட்டை சரி, பொலிஸ் பதிவு சரி, கந்தோர்க் கடிதம் சரி. ஆணியில் தொங்கிய சேர்ட்டின் பைக்குள் எண்கள் எழுதிய தாள் ஒன்று இருந்தது சரியில்லை. கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

பொலிஸ் நிலையத்தில் அந்தத் தாளைப் பற்றி இரண்டு கட்சி உருவானது. வயதான சார்ஜன்ட் அதைக் கையால் தொட மறுத்தார். அது சூனியம், யாருடைய பெயருக்கோ செய்திருக்கிறார்கள் என்றார். இரண்டு பென்சிலால் பிடித்துத்தான் மேசையில் வைத்தார். இளம் இன்ஸ்பெக்டர் படித்தவர், சூனியத்தை நம்பாதவர். ஆகவே அது குண்டு வைக்கும் இடங்களின் ரகசியக் குறிப்பு என்றார். இரத்தினசிங்கம் அது பத்திரிகைப் புதிர் என்றார். புதிர் என்றால் விடை இருக்கவேண்டும், என் முன்னால் நிரப்பிக் காட்டு என்று இன்ஸ்பெக்டர் பேனாவைக் கொடுத்தார்.

இதைவிட நியாயமான சோதனை அந்தக் காலத்தில் யாருக்கும் கிடைத்திருக்காது. இரத்தினசிங்கம் சந்தோசமாகவே குனிந்தார். முதல் வரிசையின் நாலாவது கட்டத்துக்குப் பேனாவைக் கொண்டுபோனார். பேனா நின்றது. கீழே ஏற்கெனவே ஒரு நாலு இருந்தது.

"சேர்," என்றார், "இதுக்கு விடை இல்லை."

ஏதாவது எண்களைப் போட்டு நிரப்பியிருக்கலாம்தானே, பொலிசுக்குக் கூட்டிப் பார்க்க நேரம் எங்க இருக்கு என்று நேசமலர் பிற்காலத்தில் கேட்காத நாளில்லை. பிழையான விடையை எப்படி எழுதுவது என்று அவர் உண்மையிலேயே விளங்காமல் திருப்பிக் கேட்பார். உயிரா சதுரமா என்று வந்தபோது அவர் சதுரத்தின் பக்கம் நின்றார். அதை அவர் வீரம் என்று நினைக்கவில்லை. வேறு வழி தோன்றவில்லை, அவ்வளவுதான்.

உள்ளே அவரோடு ராமையா என்றொருவன் இருந்தான். மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலைசெய்தவன். முதலாளி சம்பளத்தோடு அடையாள அட்டையையும் பிடித்துவைத்திருந்தார். அட்டை இல்லாமல் றோட்டில் நின்றதுதான் அவனுடைய குற்றம். முதலாளி எட்டிப் பார்க்கவில்லை. தோட்டத்தில் யாருக்கும் தகவல் தெரியாது. பொழுதுபோக இரத்தினசிங்கம் விளக்குமாற்று ஈர்க்கை உடைத்து, நிலத்தில் ஓர் ஆறு போட்டு, புலி, ஆடு, புல்லுக்கட்டுக் கணக்கைச் சொன்னார். ஓடத்தில் ஒன்றைத்தான் ஏற்றலாம். தனியே விட்டால் புலி ஆட்டைத் தின்னும், ஆடு புல்லைத் தின்னும். ராமையா புலிக்கு வைத்த ஈர்க்கைத் தொட்டுக் காட்டினான்.

"ஏன் சார், அந்த ஆளு புலிய எதுக்கு அக்கரைக்குக் கொண்டுபோறான்?"

கேள்வியில் அப்படித்தான் இருக்கிறது என்றார் இரத்தினசிங்கம்.

"அப்பன்னா கேள்வி கேட்டவனத்தான் சார் உள்ள போடணும்."

அன்றைக்கு இரத்தினசிங்கம் சிரித்தார். அங்கே அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான். பிறகு அந்தக் கேள்வியை அவரால் இறக்கிவைக்க முடியவில்லை. துறவி தொடங்கி எத்தனை பேர் அந்தப் புலியைப் பத்திரமாக அக்கரை சேர்த்திருக்கிறார்கள். ஏன் என்று அவரிடம் கேட்டவன் இவன் ஒருவன்தான்.

வெளியே நேசமலர் சோற்றுப் பார்சலோடு தினமும் போய் நின்றாள். பத்திரிகை ஆசிரியர், இவர் எங்கள் புதிர்ப் பக்கக்காரர் என்று கடிதம் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் அதைப் படித்துவிட்டு, ரகசியத் தகவலைப் பத்திரிகையில் போடுவதுதானே வசதி என்றார். ஞாயிற்றுக்கிழமை சதுரம் அச்சில் வந்தபோது அவருடைய கட்சி இன்னும் பலமானது. விடையில்லாத புதிரை ஒரு பத்திரிகை எதற்காகப் போடவேண்டும்?

திங்கட்கிழமை முதல் தபாலட்டைகள் வரத் தொடங்கின. வெள்ளவத்தை, கல்கிசை, பதுளை, திருகோணமலை என்று எல்லா இடத்திலிருந்தும் ஏச்சு. கண்ணாடியை மாற்றவும் என்று ஒருவர். உங்கள் சதுரத்தால் எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைச் சோறு ஆறிப்போனது என்று ஒரு குடும்பத்தலைவி. ஆசிரியர் எல்லாவற்றையும் ஒரு சீலைப் பையில் போட்டு நேசமலரிடம் கொடுத்தார். மேலே கிடந்தது ஒஸ்வால்டின் அட்டை. அதில் ஒரே வரி: 'இன்றைக்கு எனக்கு வயது இறங்கிவிட்டது.'

அட்டையிலிருந்த விலாசத்தைப் பிடித்துக்கொண்டு நேசமலர் கொட்டாஞ்சேனைக்குப் போனாள். ஒஸ்வால்ட் கதவைத் திறந்ததும், இரத்தினசிங்கத்தின் தங்கை என்றறிந்து, தோற்றவர் ஆள் அனுப்பியிருக்கிறார் என்று நினைத்து முகம் மலர்ந்தார். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் கதிரையில் இருந்துவிட்டார். தமிழன் ஒருவன் தானாக நடந்து பொலிஸ் நிலையத்துக்குள் போகிற காலம் அல்ல அது. போகவே கூடாது என்று உள்ளேயிருந்து அவருடைய மனைவி சொன்னது வாசல்வரை கேட்டது. அவர் எழுந்து கோட்டு ஒன்றை எடுத்து மாட்டினார்.

"நான் அவரைக் காப்பாத்த வரல்ல, தங்கச்சி. பிழையை நிரூபிக்கத்தான் வாறன்."

துறைமுகத்தில் வளர்ந்த சிங்களத்தில் அவர் இன்ஸ்பெக்டரிடம் பேசியதை அந்த நிலையத்தில் நெடுநாள் சொல்லிக்கொண்டார்கள். இந்த மனிதரைத் தனக்கு எத்தனையோ வருசமாகத் தெரியும் என்றாராம். முகம்தான் தெரியாது. ஒவ்வொரு கிழமையும் இவரைப் பிடிக்கப் பார்த்தேன், முடியவில்லை. நீங்கள் பிடித்தது பெரிதல்ல, எதற்காகப் பிடித்தீர்கள் என்பதுதான் பிழை என்று சொல்லி, சதுரத்தை மேசையில் விரித்து நாலுக்கு மேல் நாலு வந்து முட்டுவதைக் காட்டினார். தமிழ் தெரிந்த கான்ஸ்டபிள் அட்டைகளை ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தான். சோறு ஆறிய அட்டையில் இன்ஸ்பெக்டர் வாயைத் துடைப்பதுபோல் சிரிப்பை மறைத்தார். தலைவனை இப்படி ஏசி, ஏசியவர்கள் எல்லோரும் முழுப்பெயரும் விலாசமும் எழுதி அனுப்புகிற ஓர் இயக்கம் உலகத்தில் இருக்க முடியாது என்ற முடிவுக்கு வந்தார். படித்தவர்தான்.

இரத்தினசிங்கத்திடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவரை விட்டுவிட்டார்கள். அவர் ராமையாவைப் பற்றிக் கேட்டார். அது வேறு விஷயம் என்றார்கள். திரும்பிப் பார்த்தபோது ராமையா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"ஒங்கள ஏசுறதுக்கு எத்தன பேரு சார். குடுத்துவச்சவரு."

காலி வீதியில் ஒஸ்வால்டும் அவரும் முதல் தடவையாகக் கைகொடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறு, மூன்றாம் வரிசையில் ஐந்து என்று வாசிக்கவும், பிழையைக் கண்டுபிடித்தவர் கொட்டாஞ்சேனை ஒஸ்வால்ட் என்று திருத்தம் வந்தது.

அதற்கடுத்த ஞாயிறு வந்த புதிரின் கீழே இரத்தினசிங்கத்தின் பெயர் இல்லை. 'ஆக்கியவர்: ராமையா' என்றிருந்தது. அந்தச் சதுரத்தில் ஒன்பது இரண்டு தடவை வந்தது.

ஒரு கணக்கில் ஒரு வழியால் விடை வந்தால் அதேபோன்ற கணக்கிலும் அதே வழியால் விடை வரவேண்டும். இதைச் சந்தேகிக்க இரத்தினசிங்கத்துக்குத் தெரியாது. அவர் விட்ட இரண்டாவது பிழை இதுதான் என்று சொல்லலாம். ஆனால் அந்த நாட்களில் அவரை வெள்ளவத்தை மார்க்கெட்டில் சந்தித்தவர்களுக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. பிழைக்குப் பழகாத கை. வேண்டுமென்று ஒரு பிழை வைக்க, சரியான சதுரம் செய்வதைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்தது.

அட்டைகள் வந்தன. 'ராமையா அவர்களுக்கு' என்று தொடங்கி, பத்திரிகைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லையா என்று முடிந்தன. பையைத் தூக்கிக்கொண்டு இரத்தினசிங்கமும் ஒஸ்வால்டும் பொலிஸ் நிலையத்துக்குப் போனார்கள். இளம் இன்ஸ்பெக்டரை வடக்குக்கு மாற்றியிருந்தார்கள். புதியவர் பையைத் திறக்கவில்லை. அப்படி ஒரு பெயர் இங்கே பதிவில் இல்லை என்றார். எங்கே கொண்டுபோனார்கள் என்று கேட்டதற்கு, இல்லாத ஆளை எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டார். கேள்வி நியாயமாகவே இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

பழைய சார்ஜன்ட் மட்டும் வாசல்வரை பின்னால் வந்தார். பைக்குள் எட்டிப் பார்த்தார். எல்லா அட்டையிலும் ஒரே பெயர், வெவ்வேறு கையெழுத்தில். அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒரே பெயரை இத்தனை பேர் இத்தனை தடவை எழுதினால் அது சும்மா போகாது என்பது தெரியும். பையை வாங்கிக்கொண்டார். இதை எறிய ஏலாது, எறிந்தால் எங்களைத்தான் பிடிக்கும் என்று மெதுவாகச் சொல்லி, உள்ளே கொண்டுபோய்த் தன் மேசைக்குக் கீழே வைத்தார். அந்த நிலையத்தில் ராமையாவுக்கு இருந்த பதிவு அது ஒன்றுதான்.

இரத்தினசிங்கம் நிறுத்தவில்லை. கிழமைக்கொரு சதுரம், கிழமைக்கொரு பிழை. பக்கம் கெட்டுப்போய்விட்டது என்று வாசகர்கள் ஒவ்வொருவராக விட்டார்கள். லொட்ஜ்காரர்கள் பத்திரிகையை முன்னாலிருந்து படிக்கத் தொடங்கினார்கள். ஏசுவதற்கும் ஆள் குறைந்தது. ஆசிரியர் இரண்டு தடவை கூப்பிட்டுச் சொன்னார். மூன்றாம் தடவை புதிர்ப் பக்கத்தில் சமையல் குறிப்பு வந்தது.

கடைசிச் சதுரத்துக்கு வந்த அட்டை ஒன்றே ஒன்று, கொட்டாஞ்சேனைத் தபால் முத்திரையோடு. அதையும் இரத்தினசிங்கம் பொலிஸ் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். சார்ஜன்ட் வாங்கி அந்தப் பையில் போட்டார்.

'ராமையா அவர்களுக்கு. இந்தக் கிழமையும் பிழை. பார்த்துக்கொண்டிருக்கிறேன்.'