கடைசிப் பித்தான்

கோட்டு தைக்கிறவனுக்குக் கத்தரியும் கையும் மட்டும் போதாது, கொஞ்சம் குளிரும் வேண்டும் என்பது அருப்புக்கோட்டையில் கடை போட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. வெயிலூரில் கம்பளி விற்கப் பார்த்தவர்கள் யாரேனும் இருந்தால், அவர்களுக்கு என் வலி புரியும்.

பலகை

எண்பதுகளின் நடுவில் 'கோட்டு சூட்டு தைக்கப்படும்' என்று பலகை மாட்டினேன். மதுரையில் பழைய புத்தகக் கடையில் எடுத்த ஒரு தையற்கலைப் புத்தகத்தை வைத்து, ஆங்கிலேயக் கனவான் உடுத்தும் முறையைக் கரைத்துக் குடித்திருந்தேன். என் ஆசை சிறியது. நான் தைத்த சூட்டை ஒருவராவது முறைப்படி அணிய வேண்டும். முறைப்படி என்றால், உள்ளே போடும் வெயிஸ்ட்கோட்டின் கடைசிப் பித்தான் திறந்திருக்க வேண்டும்.

வந்தவர்களோ பட்டாபட்டி டிராயருக்குத்தான் வந்தார்கள். பாலவனத்தத்துக்காரர் ஒருவரிடம் கோட்டின் பெருமையை எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சித்திரையில இதப் போட்டு நின்னா அவிச்ச பனங்கிழங்காயிருவேன். நீங்க டிராயருக்கு அளவெடுங்க."

மேடையில்

முதல் கோட்டு பந்தல்குடிக்குப் போனது. ராஜாமணியம்மா என்ற விவசாயச் சம்சாரி வீட்டு அம்மா, மூத்த மகனின் கல்யாண வரவேற்புக்காகத் தைக்கச் சொன்னார். சாம்பல் நிறத் துணி, உள்ளே அதே துணியில் வெயிஸ்ட்கோட்டு. என் கையில் அப்படியொரு வேலை அதற்குமுன் அமைந்ததில்லை.

பார்க்கும் ஆசையில் மண்டபத்துக்கே போனேன். மேடையில் வெயிஸ்ட்கோட்டின் எல்லாப் பித்தானும் பூட்டியிருந்தது. கடைசியை அவிழ்த்துவிடுங்கள், அதுதான் முறை என்று அந்த அம்மாவின் காதில் போட்டேன். "அரைகுறையா உடுத்துறான்னு பொண்ணு வீட்டுல பேசவா? நீங்க போயி மொதப் பந்தில உக்காருங்க."

உள்மடிப்பு

கோட்டு இனி பீரோவில் கிடந்து ரசகற்பூரம் முகரும் என்று வருந்தினேன். மறு வருஷமே திரும்பி வந்தது. இரண்டாவது மகன் ஒல்லி, பிடித்துத் தைக்க வேண்டும். அடுத்தது கொழுந்தன் மகன், தொப்பைக்காரர், பிரித்துவிட வேண்டும். புத்தகம் சொன்னபடி உள்மடிப்பில் தாராளமாகத் துணி விட்டிருந்ததால் பிழைத்தேன். அந்த வீட்டுக் கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளைகள் மாறினார்கள், கோட்டு மாறவில்லை.

ஒவ்வொரு தடவையும் திருப்பிக் கொடுக்குமுன் அதைப் போட்டுக் கண்ணாடி பார்ப்பேன். எனக்கே ஒன்று தைத்துக்கொள்ளலாமே என்பீர்கள். எங்கள் பக்கம் கோட்டு போட ஒரே காரணம் கல்யாணம். முப்பத்தெட்டு வயதிலும் எனக்கு அந்தக் காரணம் வாய்க்கவில்லை. ஒருநாள் ராஜாமணியம்மா பார்த்துவிட்டார். "ஒங்களுக்குத்தான் கச்சிதமா இருக்கு. பொண்ணு ஒண்ணுதான் பாக்கி."

என் அளவு

பெண்ணை அவரே பார்த்தார், திருச்சுழியில். நிச்சயம் முடிந்ததும் நான் புதுத் துணி எடுக்கக் கிளம்பினேன். அவர் மஞ்சள்பையில் அந்தக் கோட்டைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "எங்க வீட்டுப் பயலுக எல்லாம் இதுலதான் மாப்பிள்ளை ஆனானுக. ஒங்களுக்கு மட்டும் என்ன தனியா?"

வரவேற்பு மேடையில் வேர்வை வழிய, கடைசிப் பித்தானைத் திறந்துவிட்டு, புத்தகத்தில் உள்ள படம்போல நின்றேன். அதுவரை என்னிடம் ஒரு வார்த்தையும் பேசியிராத மணப்பெண், போட்டோக்காரர் தயாரான நேரத்தில் குனிந்து அதைப் பூட்டிவிட்டாள். "ஒண்ணு போடாம விட்டுட்டீகளே."

ஊருக்கெல்லாம் ஓதிய இலக்கணத்தை அவளிடம் மட்டும் இன்றுவரை நான் சொல்லவில்லை.