பிடிக்காத ஹேண்ட்பிரேக்

எங்கள் பழைய பெரிய வண்டியில் ஹேண்ட்பிரேக் சரியாகப் பிடிக்காது. குர்லா மெக்கானிக் இரண்டு முறை இறுக்கிக் கொடுத்தும் தளர்ந்துவிட்டது.

அன்று செம்பூரில் தம்பி வீட்டுச் சரிவில் வண்டியை நிறுத்திவிட்டு, என் கணவர் கேட்டைத் திறக்க இறங்கினார். வண்டி மெல்ல அவரை நோக்கி நகர்ந்தது. எனக்கு ஓட்டத் தெரியாது. பக்கத்து சீட்டிலிருந்து இரண்டு கைகளாலும் ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன், நிற்கவில்லை.

"ஏன்னா! ஏன்னா!" என்று கத்தினேன். எப்போதும் அவரைக் கூப்பிடும் அந்தச் சொல்லைத் தவிர வேறு வரவில்லை.

"திறந்துண்டுதானே இருக்கேன்," என்றார், திரும்பாமலே.

எட்டி ஹாரனை அழுத்தினேன். திரும்பிப் பார்த்தவர் சுவரோரம் பாய்ந்தார். வண்டி கேட்டில் மோதி நின்றது.

"நோக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று ஓடி வந்தார்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு வாஷிக்கு ரயிலில் திரும்பினோம். கூட்டத்தில் அவர் கையை நான் விடவே இல்லை.