மதகுக்குள் இறங்கியவர்

வெள்ளம் வந்து மூன்றாம் நாள் சித்தாண்டிப் பக்கம் ஒரு வீதிக்குப் போயிருந்தேன். மற்றவர்கள் முகம் சுளிக்கிற வேலைகளைச் செய்கிறவர்களைப் பற்றி எங்கள் தொலைக்காட்சியில் ஒரு நிகழ்ச்சி. கமெரா என் பொறுப்பு. மழை விட்டும் வீடுகளுக்குள் நின்ற தண்ணீர் வடியவில்லை. வீதிக்குக் கீழே போகிற மதகு அடைத்துக் கிடந்தது. அதைத் திறக்கப் பிரதேச சபைத் தொழிலாளி ஒருவர் வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுநுனியைக் கூட வந்த இருவரிடம் கொடுத்துவிட்டு இறங்கினார்.

மலக்குழிகள் நிறைந்து வழிந்த கறுப்புத் தண்ணீர். நான் லேஞ்சியால் மூக்கைக் கட்டியிருந்தேன். அவர் கழுத்தளவு நின்று மதகை அடைத்திருந்த ஆற்றுவாழைச் செடிகளைக் கொத்துக் கொத்தாகப் பிடுங்கி எறிந்தார். பிறகு மூச்சைப் பிடித்து முங்கினார். எழும்பி வந்து, "மாடொண்டு செத்துக் கிடக்கு" என்றார்.

எனக்குள் ஒரு கெட்ட சந்தோஷம். இதைவிட நல்ல காட்சி கிடைக்காது என்று கமெராவோடு கிட்டப் போனேன். மறுபடி முங்கி எழும்பியவர் என்னைப் பார்த்துக் கையை அசைத்தார்.

"மகள், மாட்டைப் படம் எடுக்காதீங்க."

"ஏன் ஐயா?"

"அதில குறி சுட்டிருக்கு. தடவிப் பார்த்தன். ஆர்ர மாடெண்டு எனக்குத் தெரியும். மூணு நாளாத் தேடித் திரியிறான் மனிசன். டீவியிலயா அவன் பார்க்கிறது?"

கண் தெரியாத அந்தத் தண்ணீருக்குள், ஊதிப்போன உடம்பில், விரலால் ஒரு குறியை வாசித்திருக்கிறார். கமெராவை இறக்கினேன்.

மாட்டுக்குக் கயிறு மாட்ட இன்னும் நாலு தடவை முங்கினார். மூவருமாக இழுத்துக் கரையேற்றித் தறப்பாளால் மூடினார்கள். மதகு ஒருமுறை குமுறியது. தேங்கிய தண்ணீர் முழுவதும் சுழித்துக்கொண்டு வாவிப் பக்கம் ஓடத் தொடங்கியது. வீட்டுச் சுவர்களில் ஈரக்கோடு ஒன்று மெல்ல மெல்ல வெளியே தெரிந்தது. வாசலுக்கு வந்த பெண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அதை மட்டும் எடுத்தேன்.

குழாய்க்கிணற்றில் சவர்க்காரம் போட்டு மூன்று தரம் குளித்து, சேட்டு மாற்றி, "மாட்டுக்காரனிட்ட சொல்லிப்போட்டு வாறன்" என்று அவர் புறப்பட்டார். கமெராவை வைத்துவிட்டு நானும் பின்னால் போனேன்.

மாட்டுக்காரர் செய்தியைக் கேட்டதும் முற்றத்துச் சேற்றிலேயே குந்திவிட்டார். இவரும் பக்கத்தில் குந்தி, அவர் தோளில் கைபோட்டபடி வெகுநேரம் இருந்தார்.