மூளை ஆராய்ச்சி அறையில் நான் விழுந்த மதியம்

நீற்றிய கிளிஞ்சல் சுண்ணாம்பின் சூடான நெடி... தொட்டி பக்கத்தில் நின்றாலே கண்ணில் நீர் முட்டும். ஐம்பதுகளின் நடுவில், எனக்குப் பதினைந்து வயது. தினமும் காலை ரயிலில் கும்மிடிப்பூண்டியிலிருந்து மெட்ராசுக்குச் சித்தாள் வேலைக்குப் போவேன். கூட என் அத்தை தேவகி.

பல்கலைக்கழகத்தில் ஒரு பழைய வகுப்பறையை மூளை ஆராய்ச்சிக்காக மாற்றிக்கொண்டிருந்தோம். பெஞ்சுகளை வெளியே தூக்கிப் போட்டு, தரையைக் கொத்தி, சுவர் மூலைகளை வளைவாகப் பூசினோம். தூசி தங்கக்கூடாதாம்.

"மேஸ்திரி, உன் தலையையும் குடுத்துட்டுப் போ. உள்ள இன்னா கீதுன்னு பாக்கட்டும்" என்பாள் அத்தை. எல்லோரும் சிரிப்பார்கள். நான் சிரிக்கமாட்டேன்.

எனக்கு வலிப்பு இருந்தது.

ஐந்தாவது படிக்கும்போது வகுப்பில் விழுந்தேன். மறுநாள் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. படிப்பு அதோடு நின்றது. மேஸ்திரிக்கு இது தெரியாது. தெரிந்தால் வேலையும் போகும். அதனால்தான் அத்தை என்னைச் சாரத்தில் ஏறவே விடமாட்டாள்.

ஒரு மதியம், சுண்ணாம்புச் சட்டியோடு விழுந்தேன்...

நடந்ததை அத்தைதான் பிறகு சொன்னாள். இரும்பு பட்டால் வலிப்பு நிற்கும் என்று மேஸ்திரி தன் பூச்சுக் கரண்டியை என் கையில் திணித்தாராம். இரண்டு பேர் காலை அமுக்கினார்களாம். அறையைப் பார்க்க வந்த டாக்டரம்மா ஓடி வந்து, "இரும்பெல்லாம் வேண்டாம், எடுங்க. யாரும் அமுக்காதீங்க" என்று அதட்டி, என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்தாராம்.

கண் திறந்தபோது மேஸ்திரி கத்திக்கொண்டிருந்தார்.

"இன்னா தேவகி, தெரிஞ்சேதான் இட்டுக்கினு வந்தியா? மேலேர்ந்து உயுந்திருந்தா எம்மேல இல்ல பழி?"

அத்தை என் முகத்தில் ஒட்டியிருந்த சுண்ணாம்பை முந்தானையால் துடைத்தாள்.

"இந்த ரூமே இவ மாதிரி இருக்கறவங்களுக்காகத்தான்" என்றார் டாக்டரம்மா. "வேலை முடிஞ்சதும் என்கிட்ட கூட்டிட்டு வாங்க."

மறுநாளிலிருந்து எனக்கு வேலை இல்லை. அந்த அறை முடிந்துவிட்டது என்று அத்தை வந்து சொன்ன அன்று, நான் முகம் கழுவி, இருந்ததில் நல்ல பாவாடையை உடுத்திக்கொண்டு நின்றேன். அம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"மூள டாக்டராண்ட போனான்னு தெரிஞ்சா இவள எவன் கட்டிக்கினு போவான்? ஊட்லயே கெடக்கட்டும்."

போகவில்லை...

கல்யாணம் ஆனது. அடுப்பில் கை வெந்த அன்றும், வெறும் மயக்கம் என்றே மாமியாரிடம் சொன்னேன். வீட்டில் யாருக்கும் தெரியாமல் ஒரு டாக்டரிடம் போய், முதல் மாத்திரையை விழுங்கியபோது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது.

இப்போது எங்கள் தெருவில் காலேஜ் போகும் ஒரு பெண் இருக்கிறாள். "எனக்கு ஃபிட்ஸ் இருக்குக்கா, டேப்லெட் போட்டுக்கறேன்" என்று ஜலதோஷத்தைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு பஸ் ஏறுகிறாள். சிநேகிதிகளும் சாதாரணமாகக் கேட்டுக்கொள்கிறார்கள்.

என் கணவர் போய்ச் சேரும்வரை வலிப்பு என்ற அந்த ஒரு வார்த்தையை நான் அவரிடம் சொல்லவில்லை. டாக்டரைத் தவிர, உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.