சம்பவ இடத்திலேயே

வாசுகியின் கணவன் மகேஸ்வரன் மலேசியாவில் பாசிர் கூடாங்கில் ஒரு ரசாயனக் கம்பெனியில் குழாய் பழுதுபார்த்து வந்தான். ஆறு வருடங்களுக்கு முன் அங்கே ஒரு டேங்க் வெடித்தது. உடம்பெல்லாம் வெந்து, மருத்துவமனையில் மூன்று நாள் கிடந்து, நாலாம் நாள் காலையில் இறந்தான்.

அப்போது மகள் லோஷினிக்கு ஏழு வயது. "அப்பாவுக்கு வலிச்சுச்சாம்மா?" என்று கேட்டாள்.

"இல்ல. அங்கேயே போயிட்டாரு. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

வாசுகிக்கு அழுகை வரவில்லை. அதற்குப் பிறகும் வந்ததாக நினைவில்லை. பக்கத்து ஊரான மாசாயில் ஒரு எலக்ட்ரானிக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். பஸ் வரும், ஏறுவாள். ஷிப்ட் முடியும், இறங்குவாள்.

லோஷினிக்குப் பத்து வயதானபோது பள்ளியில் சொந்த ஊரைப் பற்றி எழுதச் சொன்னார்கள். "அப்பா கம்பெனி வெடிச்சதுகூட இன்டர்நெட்ல இருக்காம்மா. டீச்சர் சொன்னாங்க. சாயங்காலம் பாக்கணும்" என்றாள்.

அன்று மதியம் கேண்டீனில் வாசுகி கைப்பேசியில் தேடிப் பார்த்தாள். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்கிற அந்தக் கலைக்களஞ்சியத்தில், விபத்துக்கென்று மலாய் மொழியில் ஒரு பக்கம் இருந்தது. 'ஒரு தொழிலாளி மூன்று நாள் கழித்து மருத்துவமனையில் இறந்தார்' என்று ஒரு வரி. ஆதாரம் எதுவும் காட்டியிருக்கவில்லை. ஓரத்தில் பென்சில் படம். தொட்டாள், திறந்துகொண்டது. நீ யார் என்று அது கேட்கவில்லை. 'மூன்று நாள் கழித்து மருத்துவமனையில்' என்பதை அழித்துவிட்டு, 'சம்பவ இடத்திலேயே' என்று எழுதினாள். தட்டில் மீ நூடுல்ஸ் பாதி இருந்தது. அதைச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினாள்.

சாயங்காலம் லோஷினி அந்த வரியைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டாள்.

போன வருடம், விபத்து நடந்து ஐந்து வருடம் ஆனதை நினைவுகூர்ந்து ஒரு பத்திரிகை எழுதியது. அதிலும் சம்பவ இடத்திலேயே என்றுதான் வந்தது. நிருபர் அதை எங்கிருந்து எடுத்தார் என்று வாசுகி யோசிக்க வேண்டியிருக்கவில்லை. சில நாளில் கலைக்களஞ்சியத்தில் அவள் எழுதிய வரிக்குக் கீழே அந்தப் பத்திரிகையின் பெயர் ஆதாரமாக ஏறியது.

இந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கமலநாதன் போனில் கூப்பிட்டான். மகேஸ்வரனோடு வேலை செய்தவன், அதே விபத்தில் கை வெந்தவன்.

"அண்ணி, அண்ணன் அங்கேயே செத்துட்டாருன்னு போட்டிருக்காங்க. பக்கத்துக் கட்டில்ல படுத்திருந்தவன் நான். மூணு தடவ மாத்திட்டேன் லா. யாரோ திரும்பத் திரும்பப் பழையபடி போடுறான். பேப்பர்லயே வந்திருக்கு, உங்ககிட்ட என்ன ஆதாரம்னு கேக்குறான்."

"அத எழுதினது நான்தான், தம்பி."

"ஏன் அண்ணி?"

"பாப்பா படிக்கப்போறான்னு எழுதினேன்."

"சரி அண்ணி" என்று வைத்துவிட்டான்.

வாசுகி அந்த வரியைத் தானே உள்ளபடி திருத்தினாள். ஒரு மணி நேரத்தில் வரி பழையபடி ஆகிவிட்டது. முகம் தெரியாத ஒருவர், நம்பகமான ஆதாரம் வேறு மாதிரி சொல்கிறது, தயவுசெய்து மாற்றாதீர்கள் என்று பணிவாக எழுதியிருந்தார். நான் அவர் மனைவி என்று எழுதினாள். சொந்த அனுபவத்தை ஏற்க இயலாது, அச்சில் வந்தது ஏதாவது இருக்கிறதா என்று பதில் வந்தது. மருத்துவமனைத் தாள்கள் அலமாரியில் இருந்தன. அவை அச்சில் வந்தவை அல்ல. கோபம் வருமென்று பார்த்தாள். வரவில்லை. சோறு வெந்திருந்தது. லோஷினியைக் கூப்பிட்டாள்.

சாப்பிடும்போது சொன்னாள். "அப்பா அங்கேயே சாகல. மூணு நாள் ஆஸ்பத்திரில இருந்தாரு. உங்கிட்ட பொய் சொல்லிட்டேன்."

லோஷினி தலையை நிமிர்த்தவில்லை. "தெரியும்மா. தீபாவளிக்குப் போனப்ப கமல் அங்கிள் வீட்டுல பேசிக்கிட்டாங்க."

"ஏன் எங்கிட்ட கேக்கல?"

"நீங்க சொல்லமாட்டீங்கன்னு நெனச்சேன்." பிறகு கேட்டாள். "பேசினாரா?"

"மொத நாள் பேசினாரு. ஐஸ் தண்ணி கேட்டாரு. குடுக்கக் கூடாதுன்னுட்டாங்க. பஞ்ச நனைச்சு உதட்டுல வெச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் பேசல."

லோஷினி எழுந்து தன் தட்டோடு அம்மாவின் தட்டையும் எடுத்துப்போய்க் கழுவினாள். வாசுகி மறுநாள் காலை ஷிப்டுக்கான சட்டையை இஸ்திரி போட எடுத்தாள்.