ராகு காலத்தில் ஒரு இ-டெண்டர்

அரசாங்க டெண்டரை இனி வீட்டிலிருந்தே போடலாம் என்று அறிவித்தார்கள்; அந்த வீடு, தம்பானூரில் நான் வேலை பார்த்த மாடி கம்ப்யூட்டர் சென்டர்தான். பிளஸ் டூவோடு படிப்பு போதும் என்று வந்தவள் நான். அரசு வெப்சைட் திறக்குமா என்று நகம் கடித்தவர்களுக்கு என் கதை புரியும்.

குங்குமச் சாவி

வலியசாலை சங்கரன் அண்ணாச்சி அரசு ஆஸ்பத்திரிகளுக்குப் படுக்கை விரிப்பு தைத்துக் கொடுப்பவர். இந்த டெண்டர் கைநழுவிப் போனால் அவருடைய ஆறு தையல்காரிகளுக்கும் வேலை போச்சு. டிஜிட்டல் கையெழுத்து பென் டிரைவ் மாதிரி ஒரு சாவியில் இருக்கும். அதன் ரகசிய எண்ணைப் படியேறும்போதே சத்தமாகச் சொல்லிக்கொண்டு வருவார். பூஜையில் வைத்து எடுத்த சாவியின் வாயெல்லாம் குங்குமம். ஊசியால் சுரண்டிக்கொண்டே முறைத்தேன்.

“சாமி பாக்காத கையெழுத்த சர்க்கார் பாக்குமா பிள்ள?”

பேப்பர் இல்லாத டெண்டர்

நாற்பது பக்கத்தை ஸ்கேன் செய்து ஏற்றினேன். அதையே அச்சடித்து, சீல் வைத்து, நேரிலும் கொடுக்க வேண்டுமாம். பேப்பரே வேண்டாம் என்றுதானே இந்தக் கூத்து என்று ஆபீசுக்குப் போன் போட்டுக் கேட்டேன். கிளார்க் சேச்சி மலையாளத்தில் பொறுமையாகச் சொன்னார்:

“பேப்பர் வேண்டாத்தது டெண்டருக்கு. ஃபைலுக்கு வேணமல்லோ மோளே.”

நாலரை மணி

கடைசி நாள் செவ்வாய்க்கிழமை, ஐந்து மணி வரை. ஒரு கிளிக்தான் பாக்கி. அண்ணாச்சி சாவியோடு வந்தபோது மூன்று பத்து. ராகு காலம் என்று மவுஸைக் கையால் மூடிக்கொண்டார். நாலரைக்குக் கிளிக் செய்தேன். வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. எங்கள் சென்டரிலேயே இன்னும் நான்கு கான்ட்ராக்டர்கள் அதே நாலரைக்குக் காத்திருந்தார்கள். ஊர் முழுக்க எத்தனை பேரோ. ஐந்துக்கு டெண்டர் மூடிவிட்டது. அண்ணாச்சி சாவியை மேஜையில் வீசிவிட்டு எழுந்தார்.

“ராகுவே தேவலாம். உன் கம்ப்யூட்டர் அதவிடப் பீடை.”

மறுநாள்

யாருடைய டெண்டரும் போய்ச் சேரவில்லை என்று ஒரு வாரம் நீட்டித்தார்கள். சாவி என்னிடம்; எண் ஊருக்கே தெரியும். அவரைக் கேட்காமல், புதன்கிழமை பன்னிரண்டேகாலுக்கு, சுத்தமான ராகு காலத்தில் ஏற்றினேன். சைட் காலியாகக் கிடந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

அடுத்த செவ்வாய் நாலரைக்கு வந்தார். முடிந்துபோன பக்கத்தைத் திறந்துவைத்து, அவர் கையாலேயே ஒரு கிளிக் செய்யச் சொன்னேன். டெண்டர் அவருக்கே கிடைத்தது. லட்டு டப்பாவோடு வந்தார்.

“பாத்தியா பிள்ள, நேரம் பாத்துப் போட்டா எப்படி நிக்குதுன்னு?”

லட்டைத் தின்றேன், இன்னொன்றும் எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு எல்லார் டெண்டரையும் ராகு காலத்தில்தான் ஏற்றினேன், அரசு வெப்சைட்டுக்கு நல்ல நேரம் அது ஒன்றுதான்.